கார்த்திகையில் சேர்த்து மாசியில் பிரிப்பது: வீட்டு முயலின் இனப்பெருக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருக்கும் வீடுகளுக்கு முயல் வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிள்ளை கை காட்டும். விற்பவர் “ரெண்டும் பொட்டைதான், பயப்படாம வாங்கிட்டுப் போங்க” என்று அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் விடிகாலையில், கூண்டு மூலையில் மயிர்க் குவியலுக்குள் ஏதோ நெளியும்.

என் வீட்டுக்கும் முதல் முயல்கள் அப்படித்தான் வந்தன. ஏப்ரல் கடைசி, மொட்டை மாடி, தகர ஷீட்டுக்குக் கீழே ஆறு குட்டிகள். ஐந்தாம் நாளுக்குள் ஆறும் போய்விட்டன. ஈன்ற அன்றும் ஆண் அதே கூண்டில்தான் இருந்தது. பெண் முயல் ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மே மாத வெயிலில், வயிற்றில் அடுத்த ஈற்றோடு, தாயும் இறந்தது. அந்த ஏழு உயிர்களும் என் அறியாமையால் போனவை. நீங்கள் அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

எத்தனை குட்டி, எந்த மாதம், யார் வீட்டுக்கு என்ற மூன்றையும் ஆணும் பெண்ணும் சேர்வதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் வேண்டுமா என்று பாருங்கள்

முயலின் சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு முன்பின். ஒரு ஈற்றுக்கு நான்கு முதல் எட்டுக் குட்டி, சில நேரம் பன்னிரண்டு. இவற்றை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்குத் தாளில் பதில் எழுதுங்கள். முயல் எட்டுப் பத்து வருடம் வாழும் பிராணி. “யாராவது வாங்கிக்கொள்வார்கள்” என்பதைப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வாங்கிக்கொள்பவரின் பெயர் தாளில் இருக்க வேண்டும். குறைந்தது நான்கு பெயர் எழுத முடியாவிட்டால் இந்த வருடம் ஆணையும் பெண்ணையும் சேர்க்காதீர்கள்.

குட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி இறங்காதீர்கள். 2012-ல் பெருந்துறையில் அதுபோன்ற வாக்குறுதியோடு நடந்த ஈமு கோழித் திட்டம் சரிந்தபோது என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். பணம் போனது ஒரு பக்கம். தீவனம் இல்லாமல் பட்டிகளில் பறவைகள் பட்டினி கிடந்தது மறு பக்கம். இரண்டாவதை யாரும் அதிகம் பேசவில்லை.

இன்னொன்று. முயல் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பல இறைச்சி முயலுக்காக எழுதப்பட்டவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர், ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆகிய இடங்களின் ஆராய்ச்சி நிலையங்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற இனங்களைக் குளிரான மலையில் வளர்க்கின்றன. “வருடத்துக்கு இத்தனை ஈற்று” என்ற கணக்கை அப்படியே கவரைப்பேட்டைக்கும் ஆரம்பாக்கத்துக்கும் கொண்டு வந்தால் தாய்தான் பலியாகும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் அந்த முயலை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள்:

1. வயது 6 மாதத்துக்குக் குறைவு (பெரிய இனமானால் 9 மாதம்), அல்லது பெண்ணுக்கு 3 வயதுக்கு மேல்.
2. இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை, அல்லது ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாளில் வாங்கியவை. உடன்பிறப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.
3. பல் கோணல், ஓயாத தும்மல், காதிலோ மூக்கிலோ சொறி, பாதத்தின் அடியில் புண்.
4. இரண்டுமே குள்ள இனம். உண்மையான குள்ள இன ஜோடிக்குப் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று குள்ள மரபணுவை இரு பக்கமும் வாங்கி, சில நாளில் செத்துப் போகும். இரண்டுமே உடலெங்கும் திட்டுத் திட்டாகப் புள்ளி உள்ளவையானால் அதே விகிதத்தில் குடல் கோளாறுள்ள குட்டிகள் வரும்.
5. அங்கோரா போல நீள மயிர் முயல். நம் ஊர் வெயிலில் அதை வளர்ப்பதே கொடுமை. பெருக்குவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கவனம்: ஊத்துக்கோட்டைப் பக்கம் வயல்வெளியில் பிள்ளைகள் சில நேரம் குட்டி முயல் பிடித்து வருவார்கள். பிறந்த சில நாளிலேயே மயிரும் திறந்த கண்ணும் இருந்தால் அது காட்டு முயல். வீட்டு முயல் குட்டி மயிரில்லாமல், கண் மூடியே பிறக்கும். இரண்டும் வெவ்வேறு இனம், ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி ஈனாது. காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள், தாய் அந்தியில் வந்து பால் கொடுக்கும்.

ஆணா பெண்ணா: விற்றவர் சொல்லை நம்பாமல்

1. குட்டிக்கு 8 வாரம் ஆகட்டும். அதற்கு முன் பார்த்தால் பழகியவர்களும் தவறுவார்கள்.
2. தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு தூக்காதீர்கள். துள்ளி விழுந்தால் முயலின் முதுகெலும்பு முறியும்.
3. மடியில் துண்டு விரித்து, முதுகை உங்கள் வயிற்றில் சாய்த்து, பின்பக்கத்தை ஒரு கையால் முழுதாகத் தாங்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.
4. வாலுக்கு முன்னால் இருக்கும் பிறப்புறுப்பின் இரு பக்கமும் இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். வட்டமான சிறு குழல் போல எழும்பினால் ஆண். நீளவாட்டில் பிளவாகத் தெரிந்தால் பெண்.
5. நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆணுக்கு மயிரற்ற இரண்டு பைகள் இறங்கியிருக்கும். பயந்தால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகையால் “பை இல்லை, எனவே பெண்” என்று முடிவு கட்டாதீர்கள்.

சந்தேகம் தீரும்வரை தனித்தனிக் கூண்டு. பக்கத்துப் பக்கத்துக் கூண்டாக, ஒன்றை ஒன்று பார்க்கும்படி வையுங்கள். முயல் கூட்டமாக வாழும் பிராணி, முழுத் தனிமையும் அதற்கு வதைதான்.

நம் ஊர் நாட்காட்டி

முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. 30-ஐத் தாண்டினால் உடம்பு தவிக்கும், 35-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. திருவள்ளூர் மாவட்டத்தில் கத்திரி வெயில் 40-ஐத் தொடும், தகர ஷீட்டுக்குக் கீழே அதைவிடக் கூடும். ஆணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடும் வெயில் பட்ட ஆணின் விந்து கெட்டுப்போய், மீண்டும் சரியாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆவணியில் சேர்த்துவிட்டு “பெண் மலடு” என்று குறை சொல்பவர்கள் இதை அறிய வேண்டும். ஐப்பசியில் மழை ஈரமும் தீபாவளி வெடியும் சேர்ந்து வரும். ஆக, நமக்கு மிஞ்சும் காலம் குறுகியது:

1. கார்த்திகையில் சேர்க்கை.
2. மார்கழியில் ஈற்று.
3. மாசியில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தல்.
4. பங்குனி வெயில் ஏறுவதற்குள் குட்டிகள் புது வீட்டில்.

வருடத்துக்கு ஒரே ஈற்று. அடுத்தது அடுத்த கார்த்திகையில்தான். கார்த்திகையிலும் புயல் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தரையோடு வைத்திருந்த கூண்டுகள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னை வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்திருக்கும் வாரத்தில் சேர்க்கையைத் தள்ளிப் போடுங்கள். ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஓரத்து வீடுகளில் கூண்டு குறைந்தபட்சம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும்.

கூண்டும் குட்டிப் பெட்டியும்

தாய்க்கும் குட்டிகளுக்கும் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குறையாத கூண்டு வேண்டும். முயல் மூன்று முறை துள்ளி ஓட முடிய வேண்டும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது. நடமாட இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வரும் குற்றம். சந்தையில் “முயல் கூண்டு” என்று விற்கும் பல கூண்டுகள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அடித்தளம் வெறும் கம்பி வலையாக இருந்தால் பாதம் புண்ணாகும், குட்டியின் கால் மாட்டும். பாதித் தளத்துக்காவது பலகையோ கோரைப் பாயோ போடுங்கள். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். காலையில் முயலின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். சிறுநீர் நெடி உங்கள் மூக்கைக் கரித்தால் அதன் நுரையீரலை ஏற்கெனவே கரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உருக்கு ஆலைத் தூசி விழும் தெருவானால் கூண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

குட்டிப் பெட்டி: 16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். முன்பக்கத்தில் மட்டும் 6 அங்குலம் இருக்கும்படி வெட்டிவிடுங்கள், தாய் தாண்டிப் போகலாம், குட்டி தாண்டாது. பிளைவுட் போதும். பெயின்ட், வார்னிஷ் வேண்டாம். தொழிற்சாலைகளில் மலிவாகக் கிடைக்கும் பேக்கிங் பெட்டி மரத்தில் ஆணியும் மருந்தும் இருக்கலாம், தவிருங்கள். அடியில் சிறு துளைகள் போட்டு, உலர்ந்த புல்லை நான்கு விரல் தடிமனுக்கு நிரப்புங்கள்.

எறும்பு: நம் ஊரில் பிறந்த குட்டிகளுக்கு எமன் பூனையைவிட எறும்புதான். கூண்டின் நான்கு காலையும், சர்க்கரை டின்னுக்குச் செய்வதுபோல், தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு மருந்துப் பொடி, சாக்பீஸ் எதையும் கூண்டருகே தூவவோ கோடு போடவோ கூடாது. பெருச்சாளியும் பாம்பும் நுழையாமல் அரை அங்குல வெல்டு மெஷ் அடிக்க வேண்டும்.

சேர்க்கும் நாள்

1. மாலை வெயில் தணிந்த பிறகு பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் பெண் தன் இடத்தைக் காக்கக் கடித்துக் குதறிவிடும்.
2. அருகிலேயே இருங்கள். சேர்க்கை சில நொடிதான். முடிந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும், அது இயல்பு.
3. பெண் மூலையில் ஒதுங்கினால், உறுமினால், உடனே எடுத்துவிடுங்கள். பிடித்து வைத்துச் சேர்ப்பது வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.
4. முடிந்ததும் பெண்ணை அதன் கூண்டுக்குக் கொண்டு வந்து, தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து 28-ஆம் நாளையும் 31-ஆம் நாளையும் வட்டமிடுங்கள்.
5. இனி, கருத்தடை செய்யும்வரை, இந்த இரண்டையும் ஒரே கூண்டில் வைத்திருக்கவே கூடாது.

31 நாளில் செய்ய வேண்டியது குறைவு. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பழகாத கை கருவைக் கலைத்துவிடும். 16, 17-ஆம் நாளில் தாய் மயிர் பிடுங்கிக் கூடு கட்டினால் அது பொய்ச் சினையாக இருக்கலாம், கூட்டைக் கலைக்காமல் காத்திருங்கள். 28-ஆம் நாள் குட்டிப் பெட்டியை உள்ளே வையுங்கள். அதற்கு முன் வைத்தால் கழிப்பிடமாக்கிவிடும்.

தீவனத்தில் பெரும்பங்கு உலர்ந்த புல். அதோடு அருகம்புல், வேலிமசால், கோ-4 தீவனப் புல், முருங்கை. அடர்தீவனம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சவுண்டல் தழையில் மயிரை உதிரவைக்கும் நச்சு இருக்கிறது, எருக்கும் அரளியும் ஊமத்தையும் கொல்லும். சிப்காட் சாலை ஓரத்திலும் கழிவுநீர்க் கால்வாய்க் கரையிலும் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அறுக்காதீர்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் கடலுப்பு ஏறியிருக்கிறது, நீங்கள் குடிக்காத தண்ணீரை முயலுக்கும் வைக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய் ஒரு நாளில் ஒரு லிட்டரை நெருங்கும் அளவுக்குக் குடிக்கும். நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் இரண்டு இடத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும்.

ஈன்ற பிறகு: முதல் பத்து நாள்

பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோ ஈனும், அரை மணிக்குள் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்கிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

“கை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும்” என்று நம்மிடையே ஒரு பயம் உண்டு. பழகிய வீட்டு முயல் அப்படிச் செய்யாது. தாய் குட்டியைக் கொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் தாகம், மிரட்சி, பெட்டிக்குள் அழுகும் செத்த குட்டி, அல்லது வயது போதாத முதல் ஈற்று. இந்தப் பயத்தால் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் விட்டவர்களின் கூட்டில்தான் நான் அதிகச் சாவு பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு முறை, ஒரே நேரத்தில், இப்படிப் பாருங்கள்:

1. தாய்க்கு ஒரு முருங்கைக் கொத்து கொடுத்து மறுபக்கம் திருப்புங்கள்.
2. கையைத் தாயின் படுக்கைப் புல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு, தைல வாசனை இருக்கக் கூடாது.
3. மயிர்ப் போர்வையை விலக்கி எண்ணுங்கள். செத்ததை எடுத்துவிடுங்கள்.
4. ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் பாருங்கள்.

அந்த வயிற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான பாடம். குட்டி உங்கள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, இளஞ்சிவப்பாக இருக்கும். பால் குடித்த குட்டியின் வயிறு நுங்குச் சுளை போல் உப்பி, தோல் இறுகி மினுமினுக்கும். உற்றுப் பார்த்தால் தோல் வழியே உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். கையில் எடுத்தால் சூடாக இருக்கும், துள்ளும். பசித்த குட்டியின் தோல் வெகு நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி போலச் சுருங்கியிருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், பெட்டிக்குள் தனியாக ஊர்ந்து போயிருக்கும். இந்த இரண்டையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை என்று பதறாதீர்கள். முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, நான்கைந்து நிமிடம்தான் பால் கொடுக்கும், அதுவும் இருட்டில். கூட்டை எதிரி மோப்பம் பிடிக்காதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இது தெரியாமல், “தாய் ஒதுக்கிவிட்டது” என்று பசும்பாலை இங்க் ஃபில்லரில் ஊற்றுகிறவர்கள் நிறைய. பால் நுரையீரலுக்குள் போய்க் குட்டி மூச்சுத் திணறிச் சாகும். வயிறு நிறைந்திருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால்:

1. முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.
2. இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். பல்புக்குக் கீழே வைத்து வாட்டாதீர்கள்.
3. சூடேறித் துள்ள ஆரம்பித்ததும் உடன்பிறப்புகளின் நடுவே விடுங்கள்.
4. எல்லாக் குட்டியும் தொடர்ந்து இரண்டு நாள் சுருங்கிக் கிடந்தால் தாய்க்குப் பாலில்லை அல்லது மடி கட்டியிருக்கிறது. மடி சூடாக, கெட்டியாக இருந்தால் அன்றே மருத்துவர்.

போகி: மார்கழி ஈற்று என்று நான் சொன்னதில் இருக்கும் ஒரே இடைஞ்சல் இதுதான். விடியுமுன் மேளமும் புகையும் கிளம்பும். மிரண்ட தாய் பெட்டிக்குள் குதித்துக் குட்டிகளை மிதித்துவிடும். முந்தின மாலையே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, மேலே கனத்த போர்வை போடுங்கள். காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். டயர் எரிக்கும் தெருவானால் ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி.

10 முதல் 12 நாளில் கண் திறக்கும். 14-ஆம் நாளும் ஒட்டியிருந்தால் கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடையுங்கள். மூன்றாம் வாரம் வெளியே வந்து தாயின் புல்லைக் கொறிக்கும். நான்கு முதல் எட்டாம் வாரம் வரை கழிச்சல்தான் பெரிய எதிரி. ஈரத் தரையில் பரவும் ரத்தக் கழிச்சல் இரண்டு நாளில் ஒரு ஈற்றையே முடித்துவிடும். தரை உலர்ந்திருப்பதுதான் தடுப்பு. இரவில் போடும் திராட்சைக் கொத்து போன்ற மென்மையான புழுக்கையை முயல் தானே தின்னும், அது கழிச்சல் இல்லை.

வெயில் அடித்துவிட்டால்

நாட்காட்டிப்படி நடந்தாலும் பெற்றோர் இரண்டும் கோடையைக் கடந்தாக வேண்டும். மாடியில் தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அடியில் இருப்பதைப் பங்குனியிலேயே கீழே இறக்குங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் ஷீட் மேல் தென்னங்கீற்று அடுக்குங்கள். நனைத்த கோணிச் சாக்கு மேற்குக் காற்று வறண்டு வீசும் முற்பகலில் நன்றாகக் குளிர்விக்கும். பிற்பகலில் கடற்காற்று திரும்பிப் புழுக்கம் ஏறியதும் சாக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே காற்றே போகாது. ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் ஊற்றி உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் தானே சாய்ந்து படுக்கும். மின்வெட்டுக்கு இரண்டு பாட்டில் கூடுதலாக ஃப்ரீசரில் இருக்கட்டும்.

வாய் திறந்து மூச்சு, மோவாய் நனைய எச்சில், காது சிவந்து சுடுதல், கூப்பிட்டால் அசையாமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும்:

1. நிழலான, டைல்ஸ் போட்ட தரைக்குக் கொண்டு போங்கள்.
2. சாதாரணக் குழாய்த் தண்ணீரால் காதுகளையும் பாதங்களையும் நனையுங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும்.
3. பிறகு மின்விசிறி.
4. ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
5. நிதானத்துக்கு வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்

நமக்குக் காய்ச்சல் என்றால் வாங்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்து முயலுக்குக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, சில நாளில் முயலும் சாகும். நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு விஷம். சொறிக்கு வேப்பெண்ணெய், டீசல் தடவும் பழக்கத்தை விடுங்கள். மருத்துவர் எடை பார்த்துப் போடும் ஊசியில் சொறி ஆறிவிடும். சில வகைச் சொறி மனிதர்களுக்கும் தொற்றும், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம். “நாளைக்குப் பார்ப்போம்” என்று விட்டால் காலையில் விறைத்துக் கிடக்கும். பகலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை. அங்கே முயல் பார்த்துப் பழக்கமில்லை என்றால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் பக்கம். காற்றோட்டமுள்ள பெட்டி, அடியில் துண்டு, உள்ளே புல், மேலே துணி. முடிந்தவரை அதிகாலை வண்டியில் போங்கள்.

பிரிப்பதும் கொடுப்பதும்

எட்டு வாரம் நிறையாமல் ஒரு குட்டியையும் கொடுக்காதீர்கள். சந்தையில் “சின்னதா இருந்தாத்தான் அழகு” என்று நான்கு வாரக் குட்டியை விற்பதைப் பார்க்கலாம். அந்தக் குடலுக்கு இன்னும் தாய்ப்பால் வேண்டும். அவற்றில் பல வாங்கிய வாரத்திலேயே சாவது அதனால்தான்.

1. எட்டாம் வாரம் தாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும்.
2. பத்தாம் வாரத்துக்குள் ஆண் குட்டி, பெண் குட்டி தனித்தனி. அண்ணன் தங்கை சேர்க்கை இந்த வாரங்களில்தான் நடந்துவிடும்.
3. கேட்பவர் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா என்று கேளுங்கள். சிப்காட் வரிசை வீடுகளில் காலி செய்யச் சொன்னதும் முதலில் தெருவுக்குப் போவது முயல்தான்.
4. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிறந்தநாள் பரிசாகக் கேட்டால் பெற்றோரிடம் பேசுங்கள். பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்.
5. “வெளியே விட்டால் புல் தின்று பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்பவருக்குக் கொடுக்காதீர்கள். தெரு நாய்க்கு ஒரு இரவு போதும்.

விலைக்கு விற்கும் தொழிலாகச் செய்தால் 2018-ஆம் ஆண்டு செல்லப் பிராணிக் கடை விதிகள் முயலுக்கும் பொருந்தும். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது.

நிறுத்துவது

ஒரு ஈற்றுக்குப் பிறகு, அல்லது ஒன்றுமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள். எண்ணிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வருவது மிகச் சாதாரணம். முயலுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும், “எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள்?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நாய்க்குச் சொல்வதுபோல் முந்தின இரவே பட்டினி போடச் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். முயல் வாந்தி எடுக்காது, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். ஆணுக்குச் செய்தபின் ஆறு வாரம் பெண்ணோடு விடாதீர்கள், அதுவரை சினை பிடிக்க வாய்ப்புண்டு. ஆறு வாரம் கழித்து இரண்டையும் மெல்லப் பழக்கி ஒரே கூண்டில் விடலாம். ஒன்றின் முகத்தை ஒன்று நக்கிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கும் சந்தோஷம் குட்டிகளைப் பார்ப்பதற்குக் குறைந்ததில்லை.

குட்டியைக் கொடுக்கும் நாளில் கூடவே ஒரு அட்டையும் கொடுங்கள். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தாய் தந்தை யார், தின்று பழகிய புல் எது, எந்த வாரத்தில் கருத்தடைக்குக் கொண்டு போக வேண்டும் என்று எழுதுங்கள். பழகிய புல்லை ஒரு பையில் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு கட்டிக் கொடுங்கள், தீவனம் திடீரென மாறினால் குடல் தாங்காது. அட்டையின் பின்பக்கம் உங்கள் கைபேசி எண். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த நேரமானாலும் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுங்கள். அப்படி வரும் முயலுக்காக ஒரு கூண்டு உங்கள் வீட்டில் காலியாகவே இருக்கட்டும்.